லோடு ஏத்துற எடத்துல ஜோடி

மாப்பிள்ளை, நீங்க புது டிரக் வாங்குனதும் நல்லதுதானுங்க. ஃபிரிஸ்கோ அனுமார் கோயில்ல பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குனதும் நல்லதுதானுங்க. அதுக்குப் பின்னால மூடி ஒண்ணு மாட்டி, அதுக்குள்ள என்ற பேத்தியப் படுக்க வெச்சு, இந்த டெக்சாஸ்ல இருக்கற பிக் பெண்டு காட்டுக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சித்த நாயம் பேச வேண்டியிருக்குது. வேண்டாம்னு சொல்ல வரலீங்க. சின்னஞ்சிறுசுக சந்தோசத்துக்குக் குறுக்கால விழுகிற கெழவன் நான் இல்ல. ஆனா சங்ககிரியில லாரி ஸ்டேரிங் புடிச்சு, பாதி ஆயுசு வண்டியிலயே படுத்து எந்திரிச்சவன். எனக்கெல்லாம் சொந்த வீட்டுக் கட்டில்தான் ஒறம்பரை வீடு. வண்டியில எப்படிப் படுக்கறதுன்னு யூடியூபுல ஒரு வெள்ளைக்காரப் பையன் சொல்லச் சொல்ல, நீங்க நோட்டுல எழுதிக்கறீங்க. இந்தப் பக்கம் சோபாவுல ஒருத்தன் சும்மா உட்கார்ந்து முறுக்குக் கடிச்சுட்டு இருக்கறனே, என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?

மொதல்ல அளவு. நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப டேப்பு வெச்சு அளந்து பார்த்துட்டனுங்க. உங்க எஃப்-150க்கு முன்னால நாலு கதவு, பின்னால அஞ்சரை அடித் தொட்டி. நீளம் 67 அங்குலம். நீங்க அஞ்சடி பத்து, அதாவது 70 அங்குலம். அந்த மூணு அங்குலத்த எங்க வெக்கறதா உத்தேசம்? பின்கதவத் தொறந்து போட்டுக் கால வெளிய நீட்டிக்கலாம்னா, அப்புறம் மூடி எதுக்கு, பூட்டு எதுக்கு? இதே வண்டி ஆறரை அடித் தொட்டியோடயும் வருது, எட்டு அடியிலயும் வருது. கடைக்காரன் கேட்டிருப்பான். நீங்க சீட்டு லெதரான்னு பார்த்தீங்க, பாட்டுக்கு எத்தனை ஸ்பீக்கர்னு எண்ணுனீங்க. படுக்கறதுக்குன்னு வண்டி எடுக்கறவன் தொட்டிக்குள்ள ஏறிப் படுத்துப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுப்பான். எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் நீங்க வைஃபை பாஸ்வேர்டைத்தானுங்க மொதல்ல கேட்டீங்க. சரி, பொண்ணு நல்லா அமைஞ்சு போச்சு. தொட்டி அமையல.

"மூலைக்கு மூலை படுத்துக்கலாம் அப்புச்சி"ன்னு சொன்னீங்க. கணக்கு சரிதான். நீளம் 67, அகலம் 50, மூலைக்கு மூலை போட்டா 84 அங்குலத்துக்குப் பக்கமா வருது. ஏழு அடி. நீங்க கையக் காலை நீட்டித் தூங்கலாம். ஆனா ஒரு பொட்டிக்கு மூலைக்கு மூலை ரெண்டே கோடுதான், அது ரெண்டும் நடுவுல வெட்டிக்கும்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருப்பாங்களே. நீங்க ஒரு கோட்டுல படுத்தா என்ற பேத்தி இன்னொரு கோட்டுல படுக்கணும். வெட்டற எடத்துல யாரு வயித்து மேல யாரு காலு? என்ஜினியருக்குப் படிச்சவங்க, நீங்களே வரைஞ்சு பார்த்துக்கங்க.

அந்த 50 அங்குல அகலம் எங்க இருந்து வந்துதுன்னு தெரியுமுங்களா? ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல மேடு தூக்கி நிக்குது பாருங்க, அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடம் அது. இந்த ஊர்ல பிளைவுட் பலகை நாலு அடிக்கு எட்டு அடி. நாலு அடின்னா 48 அங்குலம். அந்தப் பலகை தொட்டிக்குள்ள மட்டமாப் படுக்கோணும். அதுக்குத் தோதா வெச்ச எடம். பலகை விக்கறவனை நெனச்சு அளந்திருக்காங்களே ஒழிய, புருசன் பொண்டாட்டிய நெனச்சு ஒருத்தனும் அளக்கல. நீங்க கடையில இருந்து தூக்கிட்டு வந்து கராஜுல சாத்தி வெச்சிருக்கற 'ஃபுல்' மெத்தை 54 அங்குலம். அது சக்கர மேட்டுல ரெண்டு பக்கமும் ஏறி நடுவுல குழியாயிரும். ரெண்டு பேரும் விடிய விடிய குழிக்குள்ள ஒட்டுக்கா உருண்டு கெடப்பீங்க. கண்ணாலமான புதுசுல அது நெம்பத் தோதான சாமான்தான். அஞ்சு வருசம் ஆனவங்களுக்கு இடுப்பு வலி.

அதனால பலகை போட்டு மேடு உயரத்துக்கு ஒரு மேடை கட்டோணும். கீழ சாமான், மேல படுக்கை. அகலமும் கெடைக்கும். ஆனா மேடை ஏறுனா கூரை கிட்ட வந்துரும். உட்கார முடியாது. சட்டை மாத்தறதும், சுடிதார் மாத்தறதும் எல்லாம் படுத்த வாக்குலதான். ஒருத்தர் பேண்ட்டுக்குள்ள காலை விடறப்ப இன்னொருத்தர் மூக்குல முழங்கால் இடிக்கும். அப்ப "சாரி"ன்னு சொல்லோணும். சிரிச்சீங்கன்னா அன்னைக்கு ராத்திரி அதோட போச்சு.

இந்த மாதிரி வண்டி வந்ததுக்கே ஒரு பொம்பளைதான் காரணம்னு ஆஸ்திரேலியாவுல ஒரு கதை சொல்றாங்க. விக்டோரியாப் பக்கத்துல ஒரு பண்ணைக்காரர் சம்சாரம் ஃபோர்டு கம்பெனிக்குக் கடுதாசி போட்டாளாம். ஞாயித்துக்கிழமை நனையாம சர்ச்சுக்குப் போகோணும், திங்கக்கிழமை அதே வண்டியில பன்னி ஏத்திச் சந்தைக்குப் போகோணும், அப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னு. லூயிஸ் பேண்ட்டுன்னு ஒரு பையன், டிசைன் போடறவன், முன்னால காரு, பின்னால தொட்டின்னு வரைஞ்சான். 1934ல வண்டி வெளிய வந்துது. பாருங்க மாப்பிள்ளை, அந்தம்மா தெளிவாக் கேட்டிருக்குது. முன்னால மனுசங்க, பின்னால பன்னி. பின்னால போயிப் படுத்துக்கறேன்னு அந்தம்மா கேட்கவே இல்ல.

சரி, நக்கல் போதும். படுக்கைன்னா எனக்குத் தெரிஞ்ச படுக்கை லோடுதானுங்க. சரக்கு ஏத்தி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஓட்டறது ஒருத்தர், மேல ஏறிப் படுக்கறது ஒருத்தர்னு மாத்தி மாத்தி ஓடுன காலம். எந்த லோடுல எப்படித் தூக்கம் வரும்னு என்னக் கேளுங்க. அமுக்காத பஞ்சு மூட்டைன்னா ராசா மாதிரி தூங்கலாம், ஆனா பீடி பத்த வெக்க முடியாது, அதனால அந்த லோடுக்கு ஒரு டிரைவரும் ஆசைப்பட மாட்டான். ஈரோட்டு விரலி மஞ்சள் முதுகெல்லாம் குத்தும், வீட்டுக்குப் போனாலும் வாசம் ஒரு வாரத்துக்குப் போகாது, பொண்டாட்டி "எந்த ஊர்க் கண்ணாலத்துல நலங்கு வெச்சாங்க"ன்னு கேட்பா. வெல்ல மூட்டையில எறும்பு. நாமக்கல் முட்டை லோடுல மேல படுக்கறத நெனச்சாலே ஓனருக்கு நெஞ்சு வலி வரும். இரும்புக் கம்பி மேல மார்கழி மாசத்துல படுத்தவனுக்குத்தான் குளிருன்னா மேல இருந்து வராது, கீழ இருந்து வரும்னு தெரியும். கெடச்சதுலயே ஒசத்தி சேலத்து ஜவ்வரிசிதான். படுத்தா ஒடம்புக்குத் தக்கன எடம் குடுக்கும், குடுத்த எடத்த அப்படியே வெச்சிருக்கும்.

அந்தக் கம்பி லோடு நாயத்தத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தது. உங்க வண்டிக்கு 2015 மாடல்ல இருந்து ஒடம்பு அலுமினியம். இரும்ப விட அது குளிரச் சீக்கிரமாக் கடத்தி விடும். நீங்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணிப் போர்த்திக்கறதுக்கு வாங்கி வெச்சிருக்கீங்க. அடியில போடறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க? காத்தடிச்ச மெத்தைய நேராத் தகட்டு மேல போட்டா, அந்த மெத்தைக்குள்ள இருக்கற காத்தும் குளிர்ந்து போயி முதுகத் தடவிக் குடுக்கும். பாலைவனம்னு பேரு, பகல்ல வெயிலு, ஆனா தை மாசத்து ராத்திரி அங்க தண்ணி உறையற அளவுக்கு எறங்கும். கெட்டியான நுரை மெத்தை ஒண்ணு அடியில போடுங்க. இல்லாட்டி என்ற பழைய கம்பளி இருக்குது, சங்ககிரியில இருந்து கொண்டாந்தது. உங்க சாமான் எதுலயும் அது மாதிரி ஒண்ணு இல்ல.

சாமான்னு சொன்னதும் ஞாபகம் வருது. கராஜுக்குள்ள போயிப் பார்த்தேன். பேட்டரிப் பொட்டி, அது சார்ஜ் ஏத்தறதுக்கு வெயில் தகடு, அந்தப் பேட்டரியில ஓடறதுக்கு ஒரு பிரிட்ஜ், பிரிட்ஜுல வெக்கறதுக்குப் பால், பால் எதுக்குன்னா காப்பி மெசினுக்கு. ரெண்டு நாற்காலி, அதுக்கு நடுவுல போடறதுக்கு மேசை. நான் போயிருந்த எல்லா ஊருக்கும் ஒரு கம்பளி, ஒரு தூக்குப் போசி, ஒரு துண்டு. உங்க டிரைவர் பக்கத்துக் கதவத் தொறந்தா, நிலைக்கம்பத்துல ஒரு மஞ்சள் வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு அதுல போட்டிருக்கும். ஆறு மாசமா அந்தக் கதவத் தொறக்கறீங்க, படிச்சிருக்கவே மாட்டீங்க. ஃபைபர் மூடியே 150, 200 பவுண்டு வரும். அதாவது ஒரு நெல்லு மூட்டையோ, அதுக்கு மேல கொஞ்சமோ ஏத்துனதுக்கு அப்புறம்தான் உங்க கணக்கே ஆரம்பம்.

எடை கூடப் பரவால்லீங்க. எடம்? ராத்திரி படுக்கறதுக்கு முன்னால அத்தனை சாமானையும் முன் சீட்டுக்கு மாத்தோணும். விடிஞ்சதும் ஓட்டறதுக்கு உட்காரோணும்னா அத்தனையும் திரும்பப் பின்னால போகோணும். மழை வந்தா இந்த வேலைய நனைஞ்சுக்கிட்டே பண்ணோணும். ஏத்துக்கூலி எறக்குக்கூலி வாங்கறவனுக்கே நாளைக்கு ரெண்டு வாட்டி ஒரே லோட மாத்தச் சொன்னா கோவம் வரும். நீங்க லீவு போட்டு, காசு குடுத்து, அத ஆனந்தம்னு பேரு வெச்சுச் செய்யப் போறீங்க. பேசாம சாமான முன்னால உட்கார வெச்சு பெல்ட்டு மாட்டி விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துக்கலாம்.

எடம் புடிக்கறதுல இன்னொண்ணு. வண்டிய நிறுத்துனதும் எறங்கி வேடிக்கை பார்க்கப் போயிராதீங்க. மொதல்ல வாட்டம் பாருங்க. தலைப் பக்கம் ஒரு விரக்கடை மேல இருந்தாத் தூக்கம், கீழ இருந்தா தலைவலி. பக்கவாட்டுச் சாய்வு அத விட மோசம். மேட்டுல படுத்தவங்க பள்ளத்துல படுத்தவங்க மேல விடிய விடிய உருண்டுக்கிட்டே இருப்பாங்க. சக்கரத்துக்கு அடியில ஒரு பலகைத் துண்டு வெச்சு ஏத்திச் சமன் பண்ணுங்க. பள்ளத்துப் பக்கம் நீங்க படுத்துக்கங்க. கணக்கெல்லாம் ஒண்ணுமில்ல, உங்க மாமியார் போன்ல கேட்பாங்க.

மூச்சு. இது வெளையாட்டில்ல. ரெண்டு பேர் விடிய விடிய விடற மூச்சுல ஒரு சொம்புத் தண்ணி இருக்குது. சன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திட்டுப் படுத்தீங்கன்னா, அது போற எடம் தெரியாம மேல கூரையில போயி ஒட்டிக்கிட்டு விடியற நேரத்துல சொட்டுச் சொட்டா மூஞ்சியில விழும். மூடி ஒழுகுதுன்னு கடைக்காரனுக்குப் போன் போட்டுச் சண்டைக்கு நிக்காதீங்க. அவன் மேல தப்பில்ல, உங்க தண்ணியவே உங்களுக்குத் திருப்பிக் குடுக்குது. ரெண்டு பக்கத்துச் சன்னலையும் ரெண்டு விரக்கடை தொறந்து வெக்கோணும். குளிரும். குளிரட்டும். குளிருதுன்னு அடுப்பையோ, கரி போட்ட சட்டியையோ, கேஸ் ஹீட்டரையோ உள்ள கொண்டாந்தீங்கன்னா நான் இங்க இருந்தே நடந்து வந்து உங்க காதைத் திருகுவேன். இஞ்சினை ஓட விட்டுட்டு உள்ள படுக்கறதும் அதே சோலிதான். அந்தப் புகைக்கு நெறம் இல்ல, வாசம் இல்ல. கார்பன் மோனாக்சைடுன்னு என்ற பேத்தி பேரு சொன்னா. தீ விபத்துக் கணக்கச் சேர்க்காமயே இந்த நாட்டுல வருசத்துக்கு 400 பேருக்கு மேல அதுல தெரியாத்தனமாப் போயிச் சேர்றாங்க. தலை கனக்குற மாதிரி இருக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதக் கண்டுபுடிக்கற சின்னக் கருவி கடையில விக்குது. காப்பி மெசினை எறக்கி வெச்சுட்டு அத ஏத்துங்க.

அப்பறம் பூட்டு. மூடிக் கதவுக்குக் கைப்பிடி வெளிய இருக்குது. உள்ள இருந்து தொறக்க முடியுதான்னு பகல்லயே ஒருவாட்டி படுத்துப் பாருங்க. பல மூடிக்கு உள்ள இருந்து தொறக்க வழியே இல்ல. சாவிய வெளியில விட்டுட்டு ரெண்டு பேரும் உள்ள போயிராதீங்க. கோவமா இருக்கறவங்க கையில சாவியக் குடுத்துட்டு நீங்க மட்டும் மொதல்ல உள்ள போறதும் புத்திசாலித்தனம் இல்ல.

ராத்திரி ஒண்ணுக்குப் போற சமாச்சாரத்தையும் இந்த வயசுக்காரன்தான் சொல்லோணும். பின்கதவு தரையில இருந்து இடுப்பு உசரம் இருக்குது. தூக்கக் கலக்கத்துல எறங்கறவனுக்கு அது கெணறு. ஒரு முக்காலி எறக்கி வெச்சுக்கங்க. செருப்பக் கீழ விடாதீங்க, மேலயே வெச்சுக்கங்க. அந்தக் காட்டுல தேளுக்கும் பாம்புக்கும் வெதுவெதுப்பான எடம்னா நெம்பப் பிரியம். கூடாரத்துல படுக்கறவங்க விடிஞ்சதும் அதத் தட்டி விட்டுட்டுத்தான் எந்திரிக்கோணும். தரையில இருந்து மேல படுக்கறது ஒண்ணுதானுங்க உங்க ஏற்பாட்டுல எனக்கு முழுசாப் புடிச்சது.

இப்பக் கரடி. பிக் பெண்டுல கருங்கரடி இருக்குது. சுட்டும் புடிச்சும் போன நூத்தாண்டு நடுவுல அங்க ஒண்ணு கூட இல்லாமப் போயிருச்சு. எண்பதுகளோட கடைசியில மெக்சிகோ மலையில இருந்து தானாவே எறங்கி, ரியோ கிராண்டே ஆத்தைத் தாண்டி வந்து, குட்டி போட்டு, குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருச்சு. அதுகிட்ட யாரும் விசாக் கேட்கல. நீங்க பத்து வருசமா வரி கட்டிட்டு கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கறீங்க. அதனால கரடியப் பார்த்தா மரியாதையாப் பேசுங்க, அது உங்களுக்கு முன்னால குடியேறுன ஆளு.

அதுக்கு மோப்பம் சாஸ்தி. சோத்து வாசம் எங்க இருந்து வருதுன்னு வெகு தொலைவுல இருந்தே கண்டுபுடிச்சிரும். பன்னியாட்டமா ஹாவெலினான்னு ஒண்ணும் கூட்டமா மேயுது, அதுக்கும் நம்ம சமையல் புடிக்கும். சோறு தண்ணியெல்லாம் வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டோணும், இல்லாட்டி அங்கயே வெச்சிருக்கற இரும்புப் பொட்டிக்குள்ள வெக்கோணும், அதுதான் அங்க சட்டம். சோறு மட்டும் இல்ல, சோப்பு, பல் பசை, வெயிலுக்குப் பூசற கிரீம், காலிப் பாத்திரம் கூட. நீங்க படுக்கற தொட்டியும் வண்டிதானேன்னு தலைமாட்டுல முறுக்கு டப்பாவ வெச்சுக்காதீங்க. கரடிக்கு அது வண்டியில்ல, டிபன் கேரியர். கண்ணு, நீ வேற புளிசோறு, பருப்புப் பொடி, நெய்யி, எலுமிச்சங்காய் ஊறுகாய்னு கட்டி வெச்சிருக்கற. அதையெல்லாம் பொட்டியில பூட்டிரலாம். தலையில தளதளன்னு வெச்சிருக்கறயே தேங்கா எண்ணெய், அத எந்தப் பொட்டியில பூட்டுவ?

வெறகுக் கட்டு ஒண்ணு வேற வாங்கி வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை, தீ மூட்டி ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ற மாதிரி படம் எடுக்கறதுக்கு. அந்தப் பார்க்குல வெறகு எரிக்கவே கூடாது. எங்கயும், எந்த மாசமும். கட்டை எறக்கி வெச்சீங்கன்னா எனக்குக் கால் நீட்டறதுக்கு ஆகும்.

போற வழி நீளம். இங்க இருந்து ஒடெஸ்ஸா, ஃபோர்ட் ஸ்டாக்டன், மாரத்தான்னு போயி எறங்கறதுக்கு முழுசா ஒரு பகல் ஆயிரும். அசதியா இருந்தா ரோட்டோர ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்திப் படுங்க. டெக்சாஸ்ல 24 மணி நேரம் வரைக்கும் நிக்கலாம், கூடாரம் மட்டும் அடிக்கக் கூடாது. மாரத்தான்ல டேங்கை ரொப்பிக்கங்க. திரும்பி வர்றப்ப ரோட்டுல எல்லைக் காவல்காரங்க சோதனைச் சாவடி இருக்குது. பாஸ்போர்ட், ஐ-94, வேலை விசாக் காகிதம் எல்லாம் கையில வேணும், வீட்டு அலமாரியில இல்ல. எங்க காலத்துச் செக்போஸ்ட்டுல காகிதத்தோட இன்னொரு காகிதத்த மடிச்சு வெச்சுக் குடுக்கற பழக்கம் ஒண்ணு உண்டு. அத இங்க பண்ணீராதீங்க. ஆத்துக்கு அக்கரையில போக்கியாஸ்னு மெக்சிகோ ஊரு, பரிசல் மாதிரி சின்னப் படகுல கூட்டிட்டுப் போறாங்க, திங்கறதுக்கு நல்லா இருக்கும்னெல்லாம் சொல்வாங்க. விசா முத்திரை காலாவதியான பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு அந்தப் படகுல மட்டும் கால் வெக்காதீங்க. அப்புறம் நீங்க கரடி மாதிரி நீந்தித்தான் திரும்ப வரோணும்.

உங்க அம்மாயிய ஒருவாட்டி லாரியில கூட்டிட்டுப் போனனுங்க, கண்ணாலம் ஆன புதுசுல, ஓனருக்குத் தெரியாம. சேலத்துல ஜவ்வரிசி ஏத்தி, பெங்களூரு, தும்கூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர்னு புனே வரைக்கும். மகாராட்டிரக்காரங்க விரதத்துக்கு ஜவ்வரிசிதான் திங்கறாங்க, நம்மூருச் சரக்கு அங்கதான் போகும். சித்ரதுர்காவுல நிறுத்தி லோடு மேல ரெண்டு பேரும் படுத்தோம். தார்ப்பாய் ஒரு பக்கம் மடிச்சு விட்டா மேல அத்தனை நட்சத்திரம். விடிஞ்சு எந்திரிச்சா அவ மூஞ்சி சரியில்ல. நான் கொறட்டை விட்டனாம். அது லேலண்டு இஞ்சின் சத்தம்னு சொன்னேன். இஞ்சினை நிறுத்தி அஞ்சு மணி நேரம் ஆச்சுன்னா. பேச்சு அதோட நின்னு போச்சு. ஹூப்ளி வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. நடுவுல கிளீனர் பையன் உட்கார்ந்துக்கிட்டு, "அக்கா தண்ணி கேட்குது", "அண்ணன் இந்தாங்குது"ன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட்டே வந்தான். வீட்டுல சண்டைன்னா நான் திண்ணைக்குப் போயிருவேன், அவ அடுப்படிக்குப் போயிருவா, ரெண்டு நாளு இழுக்கும். வண்டிக்குள்ள எங்க போறது? ஹூப்ளி தாண்டுனதும் அவளுக்கு எறங்கோணும். கிளீனர்கிட்ட அதச் சொல்ல வெக்கம். "ஏனுங்க, சித்த நிறுத்துங்க"ன்னு அவளேதான் சொன்னா. நிறுத்துனேன். திரும்பி வந்து ஏறுனவ, பெல்காம் வர்றதுக்குள்ள பத்து வருசத்துப் பேச்சைப் பேசி முடிச்சிட்டா.

உங்க வீட்டுல நாலு பெட்ரூம். கோவிச்சுக்கிட்டு ஒருத்தர் மாடிக்குப் போயிக் கதவச் சாத்திக்கறீங்க, அங்க இருந்து வாட்ஸாப்புல சண்டையத் தொடர்றீங்க. கீழ உட்கார்ந்திருக்கற எனக்கு ரெண்டு போனும் மாத்தி மாத்தி டிங்கு டிங்குன்னு சத்தம் போடறது கேட்குது. பிக் பெண்டுல பாதி எடத்துல சிக்னலே இல்ல. அந்த அஞ்சரைக்கு நாலு தொட்டிக்குள்ள முதுகக் காட்டித் திரும்பிப் படுத்தாலும் ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் காதுலதான் விழும். கிளீனர் பையனும் கூட இல்ல. அதனால, எனக்கு உங்க பயணத்துல புடிச்சது ஒண்ணுன்னு முன்னால சொன்னேன், ரெண்டுன்னு திருத்திக்கங்க.

ஸ்டெயின்பெக்குன்னு ஒரு எழுத்தாளரு, 1960ல ஜிஎம்சி டிரக்குக்கு மேல படுக்கைக் கூண்டு ஒண்ணு வெச்சுக் கட்டிக்கிட்டு நாடு பூராச் சுத்துனாருன்னு என்ற பேத்தி சொன்னா. வண்டிக்கு ரோசினாண்டேன்னு பேரு, ஏதோ பழைய கதையில வர்ற நோஞ்சான் குதிரையோட பேராமா. அந்த வண்டிய இன்னும் கலிபோர்னியாவுல சலினாஸ்ல அவரு பேர்ல இருக்கற மண்டபத்துல வெச்சிருக்காங்களாமா. சரி, சம்சாரம் கூடப் போச்சான்னு கேட்டேன். இல்ல, சார்லின்னு ஒரு நாயக் கூட்டிட்டுப் போனாராம். அந்தம்மா டெக்சாஸ்காரங்க. சிகாகோவுல வந்து சந்திச்சாங்களாம், நல்ல ஓட்டல்ல தங்கி. 1962ல அந்தப் பயணத்தப் புஸ்தகமாப் போட்டாரு, அதே வருசம் நோபல் பரிசும் குடுத்துட்டாங்க. நாயக் கூட்டிட்டுப் போனதுக்கும் பரிசுக்கும் சம்பந்தம் இல்ல, அதுக்கு முன்னால எழுதுன புஸ்தகத்துக்கெல்லாம் சேர்த்துக் குடுத்ததுன்னு பேத்தி சண்டைக்கு வர்றா. நான் ஒண்ணுமே சொல்லலீங்க. உங்க முகத்துலதான் ஒரு யோசனை தெரியுது.

நட்சத்திரம் பார்க்கப் போறோம்னு சொன்னீங்க. அந்தக் காடு 2012லயே இருட்டுக்குன்னு தனிச் சான்றிதழ் வாங்குன எடமாம். நம்மூர்ல கரண்ட் ஆபீஸ் சும்மாவே குடுத்தத இங்க சான்றிதழ் போட்டுக் குடுக்கறாங்க. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போயி, இருட்டுனதும் மூடிக்குள்ள பூந்து கதவச் சாத்திட்டா, தலைக்கு மேல தெரியறது வெள்ளைச் சாயம் அடிச்ச ஃபைபர்தான். கராஜுலயும் அதேதான் தெரியும். அதனால தூங்கறதுக்கு முன்னால ஒரு மணி நேரமாவது பின்கதவ எறக்கி விட்டு அதுல ஒட்டுக்கா உட்காருங்க. போன உள்ள வெச்சிருங்க. பேசோணும்னு கட்டாயம் இல்ல.

கடைசியா ஒண்ணு. நாளைக்கு ராத்திரி வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்தி, மெத்தை போட்டு, மூடிய மூடி, ரெண்டு பேரும் விடிய விடிய படுத்துப் பாருங்க. எது இல்ல, எது இடிக்குது, யாரு யாரை உதைக்கறாங்கன்னு எல்லாம் அங்கயே தெரிஞ்சிரும், தாங்கலைன்னா அஞ்சு எட்டுல வீடு. காலனிச் சங்கத்துல இருந்து கடுதாசி வந்தா, கெழவன் வீட்டுக்குள்ள கொறட்டை விடறான், அதனால வெளிய வந்துட்டோம்னு எழுதிப் போடுங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல.

பிரிட்ஜையும் மேசையையும் எறக்கிருங்க. டயர்ல காத்துப் பார்த்துருங்க, லோடு ஏத்துனதுக்குப் பொறவு பார்க்கோணும். அப்புறம் கண்ணு, அந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடிய மட்டும் இங்கயே வெச்சுட்டுப் போயிரு. கரடியும் ஒரு காரணந்தான். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தயிர்சோத்துக்குத் தொட்டுக்க இந்த வீட்டுல வேற என்ன வெச்சிருக்கற?